மூளைய பத்தி படிக்க நீட் ஒண்ணுதான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீட் ரிசல்ட் வந்த வாரம் உங்க பேப்பர்ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிள்ளைங்க போட்டோவா ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. ரொம்ப சந்தோஷம், அதுல நான் பாடம் எடுத்த பொண்ணு ஒருத்தியும் இருக்கா, பேப்பர எடுத்துட்டு போயி தெருவுல எல்லாருக்கும் காட்டினேன். பேட்டி குடுத்ததுல நாலஞ்சு பேரு நியூரோ படிக்கணும், மூளைய பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்லி இருக்காங்க. அந்த பக்கத்துல வராத பிள்ளைங்கள பத்தி சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போச்சு, இடம் இல்லன்னா என் பேர வெட்டிடுங்க, விஷயத்துல கை வைக்காதீங்க.

நான் குடியாத்தம் பக்கம் பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்து ரிட்டயர் ஆனவ. வருஷா வருஷம் ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டுக்கு வருவாங்க, பத்து மார்க்ல போச்சு மிஸ், இருபது மார்க்ல போச்சு மிஸ்னு அழுதுக்கிட்டு. வசதி இருக்கறவங்க ரிப்பீட்டர் பேட்ச்ல சேர்த்து விடுவாங்க, இல்லாதவங்க பிஎஸ்சி விலங்கியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜின்னு முத்துரங்கம் காலேஜ்லயோ, ஊரீசுலயோ, குடியாத்தம் திருமகள்லயோ போய் சேர்றாங்க, சேர்ந்த நாள்ல இருந்தே தோத்துப் போனவங்க மாதிரி தலைய குனிஞ்சுக்கிட்டு நடக்கறாங்க. அடுத்து என்னம்மா பண்ண போறன்னு கேட்டா பிஎட், இல்லன்னா லேப் டெக்னீஷியன், பசங்கன்னா மெடிக்கல் ரெப். மூளைய ஆராய்ச்சி பண்ண போறேன்னு ஒரு புள்ள கூட சொல்லி நான் கேட்டதில்ல. ஏன்னா அதுக்கு எம்பிபிஎஸ் வேணும்னு அதுங்க நினைச்சுக்கிட்டு இருக்குதுங்க. அப்பா அம்மாவும் அப்படித்தான், உண்மைய சொன்னா பல வாத்தியாருங்களும் அப்படித்தான்.

இது எந்த ஊர்ல நடக்குதுன்னு பாருங்க. இந்தியாவுலயே முதல் நியூரோசர்ஜரி, அதாவது மூளை நரம்பு ஆபரேஷன் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சது 1949ல, நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில. ஆரம்பிச்சவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி, மெட்ராஸ்ல படிச்சவரு, அப்புறம் கனடா போயி மான்ட்ரியல்ல ஒயில்டர் பென்ஃபீல்டுன்னு பேர் போன மூளை சர்ஜன்கிட்ட வேலை கத்துக்கிட்டு வந்தவரு. வலிப்பு நோய்க்கு மூளையில ஆபரேஷன் பண்றத நாட்டுல முதல் தடவையா 1952ல இங்கதான் பண்ணாங்க. மூளையோட மின்சாரத்த கோடு கோடா வரைஞ்சு காட்டுற ஈஈஜிய வச்சு, எந்த இடத்துல இருந்து வலிப்பு கிளம்புதுன்னு பாக்குறதுக்கு நரம்பு டாக்டர் பல்தேவ் சிங் கூட இருந்தாரு. 1951ல மெட்ராஸ்ல இந்திய நரம்பியல் சங்கத்த ஆரம்பிச்ச நாலு பேர்ல இவங்க ரெண்டு பேரும் உண்டு. வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்த குடுக்கற பழக்கம் இன்னிக்கும் நம்ம பஸ் ஸ்டாண்டுல போகல, அது வேற கதை.

இதெல்லாம் டாக்டருங்க பெருமைதானே, பிஎஸ்சி படிக்கிற புள்ளைக்கு இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு. சாண்டி ஐயாவுக்கு தொழில் சொல்லிக் குடுத்த அதே பென்ஃபீல்டோட இன்ஸ்டிட்யூட்டுக்கு, சாண்டி ஐயா வேலூர் வந்து சேர்ந்த அடுத்த வருஷம், 1950ல, ஒரு பொம்பளை பிஎச்டி பண்ண வந்தாங்க, பிரெண்டா மில்னர்னு பேரு. டாக்டருக்கு படிச்சவங்க இல்ல, சைக்காலஜி படிச்சவங்க. கத்திய தொடல, மருந்து எழுதல, ஆபரேஷன் ஆன பேஷண்டுங்க பக்கத்துல உக்காந்து கதை சொல்ல சொல்லி, படம் காட்டி, எது ஞாபகம் இருக்கு எது இல்லன்னு பொறுமையா குறிச்சுக்கிட்டதுதான் அவங்க வேலை. அப்புறம் அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு 1953ல வலிப்புக்காக ரெண்டு பக்க நெத்திப் பொட்டுக்கு உள்ளார இருக்கற மூளைப் பகுதிய எடுத்துட்டாங்க, வலிப்பு கொறைஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் நடந்தது எதுவுமே அவர் மனசுல தங்கல. மில்னர் ரயில் ஏறி போயி அவர பாத்து பாத்து, டெஸ்ட் மேல டெஸ்ட் வச்சு, 1957ல அந்த சர்ஜனோட சேர்ந்து எழுதின கட்டுரைதான், புது ஞாபகம் உண்டாகறதுக்கு மூளையில இன்ன இடம் வேணும்னு உலகத்துக்கே காட்டுச்சு.

அதுல ஒரு டெஸ்ட் எனக்கு ரொம்ப புடிக்கும். நட்சத்திரம் ஒண்ணு வரைஞ்சு வச்சு, கைய மறைச்சுட்டு, கண்ணாடியில மட்டும் பாத்து அந்த கோட்டுக்குள்ளயே பென்சில ஓட்டணும். மூணு நாள்ல அந்த மனுஷன் கை நல்லா பழகிடுச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் இத நான் பண்ணதே இல்லன்னுதான் சொன்னாரு. கை கத்துக்கறது ஒரு ஞாபகம், நேத்து நடந்தது வேற ஒரு ஞாபகம், ரெண்டுக்கும் மூளையில இடம் வேற வேறன்னு ஒரு முகம் பாக்கற கண்ணாடிய வச்சு கண்டுபுடிச்சாங்க. நான் கிளாஸ்ல அட்டையும் கண்ணாடியும் வச்சு இத பண்ண சொல்லுவேன், கடைசி பெஞ்சு பசங்கதான் முதல்ல எழுந்து வருவானுங்க. இந்த மாதிரி யோசிக்கறதுக்கு நீட் மார்க் வேணுமா? சர்ஜன் இல்லாம அந்த கட்டுரை இல்ல, ஒத்துக்கறேன், மில்னர் இல்லாமலும் இல்ல.

அவ்வளவு தூரம் கூட போக வேணாம், நம்ம மண்ணையே எடுத்துக்கங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவுல இருக்குதுன்னு முதல்ல தெரிஞ்சது 1955ல, வட ஆற்காடு மாவட்டத்து குழந்தைங்ககிட்ட. அப்ப வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் ஒரே மாவட்டம். குழந்தைங்கள பாத்தது டாக்டருங்க. ஆனா அது எப்படி பரவுதுன்னு புடிக்கணும்னா நெல்லு வயல் தண்ணியில எந்த க்யூலெக்ஸ் கொசு முட்டை விடுது, அது மாட்ட கடிக்குதா பன்றிய கடிக்குதா கொக்க கடிக்குதான்னு பாக்கணும், அது பூச்சி படிச்சவங்க வேலை. ரேச்சல் ரூபன்னு ஒரு அம்மா வட ஆற்காடு மாவட்டத்து கொசுக்கள பத்தியே 1971ல கட்டுரை போட்டிருக்காங்க, நம்ம ஏரியும் வயலும்தான் அவங்களுக்கு லேப். இது எந்த பாடப் புத்தகத்துலயும் நம்ம பிள்ளைங்களுக்கு வர்றதில்ல.

தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கற கரிகிரிக்கு போங்க. தொழுநோய் நரம்பு நோய்ங்க, அந்த கிருமி நரம்புக்கு உறை மாதிரி இருக்கற செல்லுக்குள்ள போய் உக்காந்துக்குது, தோல்ல தெரியறது அதோட வெளிப்பக்கம்தான். விரல் தானா அழுகி விழுதுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, உணர்ச்சி போனதால அடிபடுறதும் சுட்டுக்கறதும் தெரியாம போயி காயம் மேல காயம் பட்டுத்தான் விரல் போகுதுன்னு டாக்டர் பால் பிராண்டு வேலூர்ல இருந்தப்ப எடுத்துக் காட்டினாரு, மடங்கின விரல நிமித்தறதுக்கு தசைநாண மாத்தி வைக்கற ஆபரேஷனையும் பண்ணாரு. சரி, ஆபரேஷன் டாக்டர் பண்ணாரு. உணர்ச்சி போன காலுக்கு காயம் படாம போடற மெத்து ரப்பர் செருப்பு, எம்சிஆர் செருப்பு? அது ரப்பரும் தோலும் தெரிஞ்சவங்க, பிசியோதெரபிஸ்டுங்க எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை. காட்பாடி பக்கம் இருக்கறவங்களுக்கு அந்த கருப்பு செருப்ப தெரியாம இருக்காது.

இன்னொண்ணு சொல்லிட்டு விட்டுடறேன், விலங்கியல் டீச்சர் இத சொல்லாம போக முடியாது. வலிப்பு வந்தவங்களுக்கு சிடி ஸ்கேன்ல சின்னதா ஒரு புள்ளி தெரியும், அத காசநோய் கட்டின்னு சொல்லி மாசக்கணக்குல டிபி மாத்திரை குடுத்துக்கிட்டு இருந்த காலம் ஒண்ணு உண்டு. வேலூர் சிஎம்சியில அந்த புள்ளிய எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தா நிறைய பேருக்கு உள்ள இருந்தது நாடாப்புழுவோட லார்வா. 1989ல லான்செட்னு பெரிய மருத்துவ பத்திரிகையில வந்துச்சு அது. டீனியா சோலியம், பிளஸ் டூவுல வாழ்க்கை சுழற்சி படம் வரைஞ்சு அஞ்சு மார்க் வாங்கினோமே, அதே புழுதான். முட்டைகோஸ் சாப்பிட்டா மூளையில புழு வரும்னு இன்னும் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்கு, கோஸ் மேல ஒரு தப்பும் இல்ல, மனுஷ மலத்துல இருந்து முட்டை கைக்கும் தண்ணிக்கும் காய்கறிக்கும் வருது, கறியே தொடாதவங்களுக்கும் வர்றது அதனாலதான்.

ஆக மூளைய பத்தி தெரிஞ்சுக்கறதுல பாதி வேலை டாக்டர் இல்லாதவங்களோடது, அதுக்கு தனியா ஒரு படிப்பு இருக்கு, அதுக்கு பேரு பிஎச்டி. எங்க ஜனங்களுக்கு பிஎச்டின்னா காலேஜ் வாத்தியார் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கறது, அவ்வளவுதான் தெரியும். வெளிநாட்டுல மெடிக்கல் காலேஜ்ங்க இத எப்படி நடத்துதுன்னு பாத்தா வித்தியாசம் புரியும். ஹார்வர்டு மெடிக்கல் ஸ்கூல்ல 1966லயே ஸ்டீபன் கஃப்ளர்னு ஒருத்தர் நியூரோபயாலஜின்னு தனி டிபார்ட்மென்ட் வச்சு, மின்சாரம் அளக்கறவங்க, கெமிஸ்ட்ரி பாக்கறவங்க, செல்ல வெட்டி பாக்கறவங்க எல்லாரையும் ஒரே கூரைக்கு கீழ கொண்டு வந்தாரு. இன்னிக்கு அங்க நியூரோசயின்ஸ் பிஎச்டி சேர்ற புள்ளைக்கு பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, மாசம் ஸ்டைபண்ட் உண்டு, முதல் வருஷம் ரெண்டு மூணு லேப்ல சில வாரம் சில வாரம் வேலை பாக்கும், ரொட்டேஷன்னு சொல்றாங்க, அப்புறம்தான் எந்த லேப்ல இருக்கறதுன்னு அதுவே முடிவு பண்ணும், கைடும் அவங்க பக்கத்துல இருந்து முடிவு பண்ணுவாங்க. டாக்டர் படிப்பும் பிஎச்டியும் சேர்த்து படிக்கறதுக்கு அமெரிக்க அரசாங்கம் 1964ல இருந்தே தனியா காசு குடுக்குது. அங்கயும் குறை உண்டு, அஞ்சாறு வருஷம் இழுக்கும், முடிச்சும் வேலைக்கு அல்லாடறாங்க, சொர்க்கம்னு நான் சொல்ல வரல.

நம்ம பக்கம் பல இடத்துல பொண்ணு மாப்பிள்ளைய பாக்காமலே தாலி கட்டற மாதிரிதான் நடக்குது. யாருகிட்ட இடம் காலி இருக்கோ அவங்கதான் கைடு. அவங்க எப்படி பேசுவாங்க, சனி ஞாயிறு வர சொல்லுவாங்களா, முன்னாடி இருந்த ஸ்காலர் எத்தனை வருஷத்துல தீசிஸ் குடுத்தாங்க, ஒண்ணும் தெரியாது. ஒத்து வரலன்னா கைடு மாத்தறதுக்குள்ள உயிர் போயிடும். மூளை ஆராய்ச்சியில இது இன்னும் கஷ்டம், ஏன்னா வேலையே அப்படி. எலி மூளைய ரொம்ப மெல்லிசா சீவி, ஆக்சிஜன் விட்ட தண்ணியில உயிரோட வச்சு, கண்ணுக்கு தெரியாத கண்ணாடி ஊசிய ஒரே ஒரு செல் மேல ஒட்ட வைக்கணும், காலையில ஆரம்பிச்சா ராத்திரி ஆகும், அதுலயும் பல நாள் ஒரு செல்லு கூட ஒழுங்கா அமையாது. பொறுமையா கூட நின்னு சொல்லித் தர ஆள் இல்லன்னா புள்ளைங்க உடைஞ்சு போயிடும்.

காசு விஷயம் அடுத்தது. நெட்னு ஒரு தேசிய தகுதித் தேர்வு இருக்கு, அத எழுதி ஜேஆர்எஃப்ன்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு சீனியர் ஆகி எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, வீட்டு வாடகைப்படி தனி, 2023 ஜனவரியில இருந்து இந்த ரேட்டு. கேக்க நல்லா இருக்குல்ல? என் பழைய மாணவி ஒருத்தி, அம்மா பீடி சுத்தறவங்க, இப்ப வெளியூர்ல ஒரு மெடிக்கல் காலேஜ் லேப்ல ஞாபக மறதி நோய் பத்தி பிஎச்டி பண்றா, எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், அவளுக்கு வம்பு வேணாம். அவளுக்கு மாசக்கணக்குல காசு வரல. கேட்டா பேப்பர் மேல போயிருக்குன்றாங்க, முன்ன வந்த காச செலவு பண்ணதுக்கு யூட்டிலைசேஷன் சர்டிபிகேட் போகலன்றாங்க, போர்ட்டல் திறக்கலன்றாங்க. அப்புறம் மொத்தமா வரும், வரும்தான், அதுக்குள்ள அம்மாவோட கம்மல் அடகுக்கு போயிடுச்சு. வசதி உள்ள வீட்டு புள்ள அப்பாகிட்ட வாங்கி ஓட்டிடும், இது மாதிரி புள்ள பாதியில விட்டுட்டு ஏதாவது பிரைவேட் ஸ்கூல்ல டீச்சரா போயிடும். ஆராய்ச்சிக்கு யாரு மிஞ்சறாங்கன்றத மூளை முடிவு பண்ணல, அடகு கடைதான் முடிவு பண்ணுது.

முடிச்சா வேலை இருக்கான்னு பெத்தவங்க கேப்பாங்க, நியாயமான கேள்வி. மெடிக்கல் காலேஜ்ல அனாடமி, பிசியாலஜி சொல்லித் தர டாக்டர் இல்லாத எம்எஸ்சி பிஎச்டிகாரங்களுக்கு 30 சதவீதம் வரைக்கும் இடம் இருந்துச்சு, 2020ல அத 15 ஆக்கிட்டாங்க, பார்மகாலஜி மைக்ரோபயாலஜியில சுத்தமா கதவ சாத்திட்டாங்க. 2025ல வந்த புது விதியில அந்த ரெண்டு பாடத்துக்கும் மறுபடி சேர்த்துக்கலாம்னு வந்திருக்கு. இப்படி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கதவ சாத்தி சாத்தி திறந்தா, ஆறு வருஷம் ஆகற படிப்புக்கு எந்த அப்பா புள்ளைய அனுப்புவாரு சொல்லுங்க. ஆனா வேலை டீச்சிங் மட்டும் இல்ல. ஐஐடி மெட்ராஸ்ல மூளை ஆராய்ச்சி மையம் ஒண்ணு இருக்கு, கருவுல இருந்த சிசுக்களோட மூளைய 5,132 துண்டா சீவி படம் எடுத்து 2024ல உலகத்துக்கே இலவசமா வெளியிட்டாங்க, அதுல இன்ஜினியருங்க, ஸ்லைடு சாயம் போடறவங்க, கம்ப்யூட்டர்காரங்க, டாக்டருங்கன்னு எல்லாரும் இருக்காங்க. அதே ஐஐடியும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனமும் நம்ம சிஎம்சியும் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கருவிங்கள பத்தி படிக்கற கிளினிக்கல் இன்ஜினியரிங்னு எம்டெக் நடத்தறாங்க. பெங்களூர்ல மனநலம், நரம்பு நோய்க்குன்னு இருக்கற நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில மூளை தானம் வாங்கி வச்சு ஆராய்ச்சிக்கு குடுக்கற பேங்கே இருக்கு. காட்பாடியில ரயில் ஏறினா மெட்ராஸும் சரி, பெங்களூரும் சரி, மத்தியான சாப்பாட்டுக்குள்ள போயிடலாம். அந்த ரயில்ல நம்ம பிள்ளைங்க ஐடி இன்டர்வியூவுக்கு மட்டும்தான் போகுதுங்க.

இப்ப என் வேண்டுகோள். நம்ம மூணு மாவட்டத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ்ங்க, அடுக்கம்பாறை அரசு காலேஜும் சேர்த்துதான் சொல்றேன், வருஷத்துக்கு ஒரு நாள் பிஎஸ்சி எம்எஸ்சி பிள்ளைங்கள கூப்பிட்டு ஈஈஜி ரூமையும் ஸ்லைடு லேபையும் காட்டட்டும், தமிழ்ல பேசட்டும். கோடை லீவுல ஒரு ரெண்டு மாசம் கலைக் கல்லூரி பிள்ளைங்கள லேப்ல சேர்த்துக்கிட்டு பஸ் காசும் சாப்பாட்டு காசுமாவது குடுக்கட்டும், சும்மா சர்டிபிகேட்டுக்கு காசு வாங்கிக்கிட்டு பத்து நாள் நிக்க வைக்கிற இன்டர்ன்ஷிப் நான் சொல்லல, அது ஊர்ல நிறைய நடக்குது. பிஎச்டி சேர்ற பிள்ளைய முதல் ஆறு மாசம் ரெண்டு லேப்ல சுத்த விடட்டும், கோர்ஸ் ஒர்க் நடக்கற நேரந்தானே, விதிக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஃபெல்லோஷிப் டெல்லியில இருந்து வர லேட்டானா அந்த காலேஜே முன்பணமா மாசம் குடுத்துட்டு வந்ததும் கழிச்சுக்கட்டும். எனக்கு ரொம்ப முக்கியமா படறது இந்த கடைசிதான், மத்தது எதுவும் நடக்கலன்னாலும் இது நடக்கட்டும்.

ஆஸ்பத்திரியில பேஷண்ட பாக்கவே நேரமில்ல, இதுக்கு எங்க போறதுன்னு டாக்டருங்க சொல்லுவாங்க. அவங்க கஷ்டம் தெரியும், காலையில ஓபி வாசல்ல நிக்கற கூட்டத்த பாத்தவங்க யாரும் அத இல்லன்னு சொல்ல முடியாது, வங்காளத்துல இருந்தெல்லாம் வந்து நிக்கறாங்க. ஆனா சாண்டி ஐயா காலத்துல மட்டும் கூட்டம் இல்லாமலா இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிக்கிட்டே 1950கள்லயே அடுத்த தலைமுறைக்கு நியூரோசர்ஜரி பயிற்சிய ஆரம்பிச்சாங்களே. அதுவும் இல்லாம சொல்லித் தர வேண்டியது எல்லாமே டாக்டரா இருக்கணும்னு இல்ல, லேப்ல இருக்கற சீனியர் ஸ்காலருக்கே அந்த பொறுப்ப குடுத்து கொஞ்சம் காசும் குடுங்க, சந்தோஷமா செய்வாங்க.

உங்க பேப்பர்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். நீட் கட் ஆஃப், கவுன்சலிங் தேதி எல்லாம் கட்டம் கட்டி போடறீங்க. அதே கல்வி பக்கத்துல ஒரு மூலையில நெட், கேட் தேர்வு, ஐசிஎம்ஆர், டிபிடின்னு மத்திய அரசு அமைப்புங்க குடுக்கற ஜேஆர்எஃப், இதுக்கெல்லாம் கடைசி தேதி என்ன, நிம்ஹான்ஸ்லயும் ஹரியானா மானேசர்ல இருக்கற மூளை ஆராய்ச்சி மையத்துலயும் பிஎச்டிக்கு எப்ப விண்ணப்பம் போடணும், எந்த டிகிரி இருந்தா போதும்னு போடுங்க. நாலு வருஷ டிகிரி முடிச்சு 75 சதவீதம் எடுத்தவங்க எம்எஸ்சி இல்லாமலே நெட் எழுதலாம்னு 2024ல வந்த மாத்தத்த எங்க பக்கத்து காலேஜ்ல யாரும் பிள்ளைங்ககிட்ட சொல்லல. நான் ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி ஜெராக்ஸ் எடுத்து லைப்ரரி போர்டுல ஒட்டினேன், அது கீழ யாரோ டியூஷன் சென்டர் நோட்டீஸ ஒட்டிட்டு போயிட்டாங்க, பரவால்ல, மேல இருக்கறது இன்னும் படிக்க முடியுது. நீங்க போட்டா மூணு மாவட்டத்துக்கும் போய் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
குடியாத்தம்.